நைனாவின் இடது கை

சாந்தோம், மயிலாப்பூர்.

என் சவரிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். "நீ கையைக் கழுவிட்டு வர்ற வரைக்கும் பிரிக்கமாட்டேன்டி" என்று என்னிடம் சத்தியம் செய்தார் உன் அப்பா. நான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவதற்குள் பிரித்து, பாதி படித்தும் முடித்துவிட்டார். மனிதரைப் பற்றி உனக்குத் தெரியாததா. கல்கத்தாவின் தித்திப்புப் பண்டங்கள், ஹோட்டல் மாடியில் உனக்குக் கொடுத்திருக்கும் புறாக்கூண்டு அறை, பேண்டு மாஸ்டரின் குறட்டை என்று எல்லாவற்றையும் எனக்கு உரக்கப் படித்துக்காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தவர், பக்கத்தைத் திருப்பியதும் பாதி வரியில் நிறுத்தினார். கடிதத்தை என்னிடம் நீட்டி, "வரட்டும்டி. தேனாம்பேட்டை ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியாத்தான் கிடக்கு" என்றார். உடனே ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் பியானோவைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்திருந்த பியானோ. நீ வரப்போகிறாய் என்றதும் அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உங்கள் பேண்டில் பியானோ வாசித்தவர் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊரைவிட்டுப் போகிறார். அந்த இடத்தை உனக்குக் கொடுப்பதற்கு முன் ஹோட்டல் முதலாளி உன்னைத் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறார். பேண்டு இல்லாமல், நீ மட்டும், நம் இசைத்தட்டு நைனாவின் பாட்டை வாசித்துக்கொண்டே பாடவேண்டும். உன் வலது கை வருகிறது, தொண்டை வருகிறது, இடது கை மட்டும் யாரோ அடுத்த வீட்டுக்காரருடைய கை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. தனியாகப் பழகும்போதுகூட நீ பெஞ்சின் வலது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, இடது பக்கம் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு வைத்திருக்கிறாயாம்; யார் வரப்போகிறார்கள் என்று பேண்டு மாஸ்டர் தினமும் கேலி செய்கிறாராம். நாலு பேர் முன்னால் மானம் போவதற்குமுன் நானே கிளம்பி வந்துவிடுகிறேன் என்று முடித்திருக்கிறாய். அந்த ஓரத்தில் ஒண்டும் விஷயத்தை முதல் முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை படித்தபோது வரவில்லை.

வராதே என்று நான் சொல்லமாட்டேன். இது உன் வீடு, உன் தட்டு அலமாரியில் அப்படியே இருக்கிறது. ஆனால் வாசித்துவிட்டு வா. வாசிப்பதற்கு முன்னால் வராதே. முதலாளிக்குப் பிடிக்கவில்லையென்றால் உனக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்துத் தருகிறேன். நன்றாக அழுதுவிட்டு ஆபீஸுக்குப் போ. இப்போதே வந்தாயானால் உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு ஒன்றுமே இருக்காது. எனக்குப் பேச விஷயமில்லாமல் போவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்பது உனக்குத் தெரியும்.

இந்த விவகாரத்துக்கெல்லாம் மூல காரணம் உன் அப்பாதான், அதனால் அவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய அந்த வருஷம் அடையாறு பங்களாக்களில் வாரத்துக்கு ஓர் ஏலம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அங்கேதான் போவார். தொப்பி மாட்டுகிற ஸ்டாண்டு வாங்கி வந்தார். வீட்டில் ஒருவரிடமும் தொப்பி இல்லை. குளிக்கும் தொட்டி வாங்கி வந்தார். அதில் இன்றைக்கும் புளி இருக்கிறது. கிராமபோன் ஒன்றுதான் உருப்படியான சாமான், அதற்கும் கைப்பிடி வேறு எதிலிருந்தோ கழற்றி மாட்டியது. கடைசியாக, எறும்பு ஏறாத அலமாரி ஒன்று வேண்டும் என்று நான் கெஞ்சி அனுப்பிய நாளில், பியானோவோடு வந்து நின்றார். ஒரு கால் கரையான் அரித்த பியானோ. நான் வாயைத் திறப்பதற்குள், "யாருமே கேக்கலைடி. எல்லாரும் பார்த்துட்டுப் பார்த்துட்டுப் போறாங்க. பாவமா இருந்துச்சு" என்றார்.

மாட்டு வண்டியில் அது ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்ததை நான் பார்க்கவில்லை, நீ சொல்லித்தான் தெரியும். பின்னால் நீ தள்ளிக்கொண்டு வர, ஒவ்வொரு பள்ளத்திலும் பியானோ தானாகவே ஒரு சத்தம் போட்டுக்கொண்டு வந்ததாம். சாந்தோம் தெருவுக்குள் நுழையும்போது ஊர்க் குழந்தைகள் பாதிப் பேர் உங்கள் பின்னால் இருந்தார்கள். வாசல் கதவைக் கழற்றி, பியானோவை உள்ளே விட்டு, கதவைத் திரும்ப மாட்டினபோது, கதவு முழுதாகத் திறக்காது என்று தெரிந்தது. இன்றுவரை நம் வீட்டுக்குள் வருகிறவர்கள் ஒருக்களித்துத்தான் வரவேண்டும். பங்குச் சாமியார் வந்தபோது பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

பியானோவோடு ஒரு நீள பெஞ்சும் வந்தது. அதன் பலகையைத் தூக்கினால் உள்ளே ஒரு பெட்டி, பெட்டிக்குள் இசைத்தட்டுகள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் நடனப் பாட்டுகள், கேட்டதும் மறந்துபோகும். அடியில் ஒரு தட்டு, நடுவில் ஒட்டியிருந்த காகிதம் கடற்காற்றில் உரிந்து, பெயர் இல்லாமல் கிடந்தது. பியானோவை விற்ற துரை கப்பல் கம்பெனிக்காரர், எந்தத் துறைமுகத்தில் வாங்கினாரோ. நீதான் அதைப் போட்டாய். நான் அடுப்படியில் இருந்தேன். கரண்டியோடு நான் கூடத்துக்கு வந்துவிட்டது உனக்கு நினைவிருக்கும். கீழே பியானோ ஒரே சீராக நடந்துகொண்டிருந்தது. மேலே இன்னொரு பியானோ அதைச் சட்டையே செய்யாமல் தன் இஷ்டத்துக்கு வந்தது, நின்றது, தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்கும் மேலே ஒரு குரல். பாடுகிற குரலே இல்லை அது. வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பிக்கிறவரின் குரல்.

மீன் கொண்டுவரும் அஞ்சலை அப்போது வாசலில் கூடையை இறக்கிவிட்டு நின்றாள். ஆற்றோரக் குப்பத்திலிருந்து காலை வெயிலில் நடந்து வருகிறவள், வந்தால் தண்ணீர் கேட்பாள். அன்றைக்குத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை நின்றுவிட்டு, "இன்னாம்மா, இந்த நைனா அழுவுறாரா சிரிக்கிறாரா? ரெண்டையும் ஒண்ணா பண்ணிகினு கீறாரே" என்றாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அவருக்கு நைனா என்றே பெயர். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனாலும் அவருடைய இங்கிலீஷில் கதவு, காலை, ரயில் என்ற மூன்று சொல்லைத் தவிர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாமலே அவருக்கு யாரோ ஒருத்தி விஷயத்தில் ஏமாற்றம் என்பதும், அதற்காக அவர் சாப்பிடாமல் இருக்கப்போவதில்லை என்பதும் நன்றாகவே தெரிந்தது.

அவர் பாட்டுக் கட்டுகிற விதத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம். ஒரு வரி சொல்கிறார். அதையே இன்னொரு தரம் சொல்கிறார். மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்கிறார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு பியானோவைப் பேசவிடுகிறார். இதென்ன, சொன்னதையே சொல்கிறாரே என்று உன் அப்பா கேட்டார். வருத்தத்தில் இருக்கிற யாரும் ஒரு தரம் சொல்லி நிறுத்துவதில்லை, இரண்டாம் தரம் சொல்லும்போதுதான் தனக்கே கேட்கும் என்றேன். நீ ஒரு நாள் கடைசி டிராமைத் தவறவிட்டு மவுண்ட் ரோட்டிலிருந்து நடந்தே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து பாடினாயே:

"டிராம் போயிடுச்சு, எங்கம்மா, டிராம் போயிடுச்சு.
டிராம் போயிடுச்சு, எங்கம்மா, டிராம் போயிடுச்சு.
நடந்தே வந்தேன், செருப்பு பல்லை இளிச்சிடுச்சு."

நான் எத்தனையோ வருஷமாகக் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவள், பாட்டு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் வைத்திருந்தவள். அன்றைக்கு அந்தச் சட்டத்தை எல்லாம் மூட்டை கட்டிப் புளித்தொட்டியில் போட்டேன். நைனாவிடமிருந்து நீ திருடியது அவருடைய ராகத்தை அல்ல. தனக்கு நேர்ந்ததைத் தன் குரலில் சொல்லும் தைரியத்தைத் திருடினாய். கல்கத்தாவில் அவரைப் போலக் கரகரப்பாகப் பாட முயற்சி செய்கிறாய் என்று உன் கடிதத்தில் ஒரு வரி வருகிறது. அதை உடனே விட்டுவிடு. அவர் தொண்டை அவருடையது. உன் தொண்டையில் சாந்தோம் கடற்காற்றும் என் ரசத்தின் மிளகும் இருக்கின்றன, அது போதும்.

இப்போது நம்முடைய பெரிய தப்புக்கு வருகிறேன். அதை ஆர்மோனியக் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. பியானோவை இரண்டு கையால் வாசிப்பார்கள் என்று தெரியாதவளல்ல நான். கன்னியர் மடத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே இரண்டு கையும் வரிசையில் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகவே நடக்கும். நைனாவின் தட்டில் அப்படியில்லை. கீழே நடப்பவனுக்கும் மேலே விளையாடுபவனுக்கும் அறிமுகமே கிடையாது போலிருந்தது. ஆகவே இரண்டு பேர் வாசிக்கிறார்கள், மூன்றாவது ஆள் பாடுகிறான் என்று நாம் தீர்மானித்தோம். உன் அப்பா காதைக் கிராமபோன் குழாய்க்குள் விட்டுக் கேட்டு, நாலாவதாக ஒருவன் காலால் தரையைத் தட்டுகிறான் என்று கண்டுபிடித்தார். தட்டத்தான் செய்கிறது. நாலு பேர் என்று குடும்பம் ஏகமனதாக முடிவு செய்து, வேலையைப் பங்கு போட்டுக்கொண்டது. கீழ்ப்பாதி எனக்கு. மேல்பாதியும் பாட்டும் உனக்கு. தரை உன் அப்பாவுக்கு.

இதில் அதிசயம் என்னவென்றால், நான் கீழ்ப்பாதியையும் வலது கையால்தான் வாசித்தேன். நம் ஆர்மோனியத்தில் வலது கை கட்டைக்கு, இடது கை காற்றுப் போடும் துருத்திக்கு. பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டோம். உன்னையும் எட்டு வயதிலிருந்து நானே அப்படிப் பழக்கினேன். பெஞ்சில் இடது ஓரம் நான், வலது ஓரம் நீ, இரண்டு வலது கைகள் வேலை செய்யும். உன் இடது கை மடியில் தூங்கும். என் இடது கை சும்மா இருக்குமா? இல்லாத துருத்தியைப் பிடித்துக்கொண்டு காற்றில் போய்ப் போய் வரும். முன்னும் பின்னும் போகிற என் முழங்கைக்கு அந்தப் பக்கம் சுவரில் ஒரு வெள்ளைத் தடமே விழுந்துவிட்டது. ஊசி தேயத் தேய அந்தத் தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க உழைத்து, பாட்டைப் பிடித்துவிட்டோம். நான் நடப்பேன், நீ தாமதமாக வருவாய். தாமதமாக வா, ஆனால் வந்துவிடு என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அப்புறம் உன் அப்பா பேண்டு மாஸ்டரை வீட்டுக்கு அழைத்து வந்தார், ஏதோ அவரையும் ஏலத்தில் எடுத்த மாதிரி. சைதாப்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம், பேச்சுக் கொடுத்தாராம், மவுண்ட் ரோடு ஹோட்டலில் வாசிக்கிறவர் என்றாராம், போதாதா? அந்தப் பெரிய மனிதர் நம் கதவில் ஒருக்களித்து நுழைந்து, காபி குடித்து, நாம் வாசிப்பதைக் கேட்க உட்கார்ந்தார். பாதிப் பாட்டில் அவர் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். மனிதர் சிரித்துச் சிரித்து, பிடிமானத்துக்குத் தொப்பி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஸ்டாண்டு பயன்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "மேடம், அது ஒரே ஆள்."

குரலுமா என்று கேட்டேன். குரலும் அவர்தான். காலுமா என்றார் உன் அப்பா, இருந்த பதவியும் போகிற பயத்தில். காலும் அவர்தான். அமெரிக்காவில் ஒரு கறுப்பு மனிதர், யுத்தத்துக்குப் பிறகு அவருடைய தட்டுகள் கப்பலேறிப் போகாத ஊர் இல்லை, இன்றைக்குப் பியானோ முன்னால் உட்காருகிற இளைஞர்களில் பாதிப் பேருக்கு இடது கை அவருடையதுதான் என்று விளக்கினார் பேண்டு மாஸ்டர். அவருடைய பெயரையும் சொன்னார். நல்ல பெயர்தான். ஆனால் நமக்கு அவர் நைனா ஆகி வெகு நாளாகிவிட்டது. அப்போது பேண்டு மாஸ்டர் சொன்ன ஒன்று எனக்கு மனதில் நின்றது. பியானோவில் கிடைக்காத ஒரு சுரம் இவருக்கு வேண்டியிருக்கிறது, அது இரண்டு கட்டைக்கு நடுவில் இருக்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்து நசுக்குகிறார் என்றார். நாம் அதைத் தேய்ந்த ஊசியின் கோளாறு என்று நினைத்து, ஜாக்கிரதையாகத் திருத்தி வாசித்துக்கொண்டிருந்தோமே! இல்லாததைக் கேட்டு அடம் பிடிக்கிற மனிதர் என்று தெரிந்ததும் எனக்கு அவர்மேல் இன்னும் பிரியம் கூடியது.

ஒரே ஆள் என்று தெரிந்த பிறகு என்ன செய்தோம், சவரி? நீ அன்றைக்கே இடது கையைப் பழக ஆரம்பித்திருக்கலாம். நானும் பழகச் சொல்லியிருக்கலாம். நாம் இரண்டு பேரும் மறுநாள் சாயங்காலம் பழையபடி பெஞ்சின் இரண்டு ஓரத்திலும் போய் உட்கார்ந்துகொண்டோம். உன் அப்பாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு தரையைத் தட்ட வந்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான் காரணம். இருபது வயதுக்கு மேல் எந்தப் பிள்ளை தினமும் அம்மாவின் தோளில் இடித்துக்கொண்டு உட்காருகிறான்? எனக்குக் கிடைத்தது. எனக்கு அது வேண்டியிருந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, நீயும் படாதே.

மதுவிலக்கு வந்து மவுண்ட் ரோடு ஹோட்டலில் கூட்டம் குறைந்து, பேண்டு மாஸ்டர் கல்கத்தாவுக்குக் கிளம்பினபோது பேண்டில் பாட உன்னையும் கூப்பிட்டாரே, அன்றைக்கு ஒருவரும் இடது கையைப் பற்றி யோசிக்கவில்லை. சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டு வந்து நான் பியானோவை மூடிவிட்டேன். கீழ்ப்பாதியை மட்டும் வாசித்தால் யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், நீ ஓரத்தில் ஒண்டிக்கொண்டு என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேண்டு மாஸ்டருக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்த மறுநாள் பியானோவைத் திறந்து உட்கார்ந்தேன். உனக்கு வராதது எனக்கு வருகிறதா பார்ப்போம் என்று. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, விரல் முட்டியெல்லாம் வலி, ஆனால் வீம்புக்கு மட்டும் குறைவில்லை. வலது கையை மேல்பாதிக்கு அனுப்பினேன். நீ வாசித்ததைக் கேட்டுக் கேட்டு ஊறியிருந்ததால் தட்டுத்தடுமாறி வந்தது. இடது கையைக் கீழ்ப்பாதியில் வைத்தேன். மரக்கட்டை. நீ எழுதியது அத்தனையும் உண்மை. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு விரலாகப் பிடித்து வைத்தேன். வலது கை அசைந்ததும் இடது கை நின்றுவிடும், இல்லையென்றால் அதுவும் வலது கை பின்னாலேயே ஓடும். "வயசான காலத்துல உனக்கு எதுக்கு இது?" என்று கேட்டார் உன் அப்பா. காலைத் தட்டினால் தட்டுங்கள், இல்லாவிட்டால் எழுந்து போங்கள் என்றேன். உட்கார்ந்து தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான் விஷயம் விளங்கியது. காணிக்கைப் பாட்டு நடுவில் என் வலது கை வழுக்கி, தப்பான கட்டையில் விழுந்தது. பாடற்குழுவில் இரண்டு பெண்கள் திரும்பி முறைத்தார்கள். நான் இடது கையைப் பார்த்தேன். அதற்கு நடந்தது எதுவுமே தெரியாது. வலது கை தப்பு செய்கிறதா, நிற்கிறதா, தாமதமாக வருகிறதா, எதையும் கேட்காமல் அது பாட்டுக்குக் காற்றுப் போட்டுக்கொண்டிருந்தது. வேறொன்றுக்கும் அறிமுகமில்லாமல் கீழே ஒரே சீராக நடக்கிற கை! எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? சாமியார் ஆசீர் கொடுத்து முடித்ததும் ஒருவரோடும் பேசாமல் வீட்டுக்கு ஓடிவந்தேன். முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையிடம், நீ வாசிக்க வேண்டாம், உனக்கு அந்த வேலை இல்லை, நீ எப்போதும்போல் காற்றுப் போடு என்றேன். துருத்தியில் முன்னும் பின்னும் போகிற அதே அசைவை நாலு கட்டைமேல் வைத்தேன். போயிற்று, சவரி. தானாகவே போயிற்று. வலது கை தாமதமாக வந்தது, நான் கவலைப்படவில்லை. வந்துவிடும் என்று தெரியும்.

ஆகவே உன் இடது கைக்குச் சுரம் சொல்லிக்கொடுக்காதே. அது எட்டு வயதிலிருந்து பழகின கை. நைனாவின் இடது கை பெரிய வித்தை என்று பயந்துகொண்டிருக்கிறாய். அது மேலே இருக்கிறவனுக்கு மூச்சுக் கொடுக்கிற கை. அவன் கீழே விழமாட்டான் என்ற தைரியத்தைக் கொடுக்கிற கை. நைனாவுக்கும் சின்ன வயதில் பெஞ்சின் இடது பக்கம் யாரோ உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதாரம் கேட்காதே, கிடையாது. ஆனால் இனி அந்தத் தட்டைப் போடும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் கேட்கும்.

நேற்றுக் காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். உன் அப்பா ஆபீஸுக்குப் போயாயிற்று, நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தரம் வாசித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் தடவையாக எங்கும் நிற்காமல் கடைசிவரை வந்தது. உன் டிராம் பாட்டையும் கூடவே முணுமுணுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடித்தபோது கதவு இடுக்கில் அஞ்சலையின் முகம் தெரிந்தது. கூடையை இறக்காமலே நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாம்மா, தம்பி வந்துட்ச்சா? சொல்லவே இல்லியே. ரெண்டு பேரும் வாசிச்சிகினு கீறீங்க, தெருமுனைக்கே கேக்குது."

"அவன் கல்கத்தாவுலதான் இருக்கான், அஞ்சலை. நான்தான் வாசிச்சேன்" என்றேன்.

அவள் நம்பவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒருக்களித்து உள்ளே வந்து, பியானோவுக்குப் பின்னால் பார்த்தாள், சமையலறையை எட்டிப் பார்த்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள். நான் எப்போதும் உட்காரும் இடது ஓரத்தில் இல்லை. அதை அவளும் கவனித்தாள், நானும் அப்போதுதான் கவனித்தேன். "பொய் சொல்லாதம்மா" என்றாள் அஞ்சலை. "பக்கத்துல ஆரோ கீறாங்க."

அதனால், என் ராசா, அன்றைக்கு முதலாளி முன்னால் போகும்போது எனக்கு இடம் விட்டு ஓரத்தில் உட்காராதே. பெஞ்சின் நடுவில் உட்கார். நன்றாக நிமிர்ந்து, இரண்டு பக்கமும் சமமாக இடம் இருக்கும்படி உட்கார். நைனா மாதிரி தாமதமாக வா, பரவாயில்லை. இடது கையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாசல் கதவை இன்னும் மாற்றவில்லை, நீ எப்போது வந்தாலும் ஒருக்களித்துத்தான் வரவேண்டும்.

உன் அம்மா